சின்ன லேஅவுட்டுக்கு எந்த ரயில்? ஒரு மெயில் அண்ட் எக்ஸ்பிரஸ் ரேக், பெட்டி பெட்டியாக

எச்.ஓ. ஸ்கேலில், அதாவது நிஜத்தின் 87இல் ஒரு பங்கு அளவில், அமெரிக்க மாடல் ரயில் ஓட்ட ஆரம்பிக்கிறவர்களுக்கு முதலில் கண் போவது சொகுசு ரயில் மேல்தான். படுக்கைப் பெட்டி, உணவுப் பெட்டி, கடைசியில் வளைந்து முடிகிற அப்சர்வேஷன் பெட்டி என்று செட்டாக விற்கிறார்கள். பார்க்க அழகு, விலையும் அதற்கேற்ற மாதிரி. ஆனால் வீட்டு பேஸ்மென்ட்டில் ஒரு மூலையைக் கெஞ்சி வாங்கி, 22 அங்குல ஆரத்தில் வளைவு வைத்து லேஅவுட், அதாவது தண்டவாள அமைப்பு, போட்டிருக்கிற என் மாதிரி ஆட்களுக்கு அது வீண் செலவு என்பது என் கட்சி. அதே பணத்தில், பார்த்து வாங்கினால் அதைவிடக் குறைவாகவே, ஒரு மெயில் அண்ட் எக்ஸ்பிரஸ் வண்டி சேர்த்துவிடலாம். வளைவில் அசிங்கமாக இருக்காது, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வேலை இருக்கும், பெட்டிகளின் நிறம் ஒத்துப்போகவில்லையே என்ற கவலையும் கிடையாது. நான் சேர்த்த ரேக்கில், அதாவது பெட்டி வரிசையில், எது தேறியது, எது தேறவில்லை என்று சொல்கிறேன். நான் இருப்பது நியூ ஜெர்சியில். லேஅவுட் 1950களின் முதல் பாதி பென்சில்வேனியா ரயில்ரோடு என்கிற ரயில் கம்பெனி, ஊர் மட்டும் கற்பனை.

பெயரைப் பார்த்துப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் மாதிரி பயணிகள் வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். இதில் பயணிகள் கிட்டத்தட்ட கிடையாது. தபால் மூட்டைகள், பார்சல்கள், செய்தித்தாள் கட்டுகள், ஐஸ் பெட்டியில் பழமும் மீனும், இவைதான் சரக்கு. ஆனால் ஓடுவது பயணிகள் வண்டியின் வேகத்தில், பயணிகள் வண்டிக்குரிய முன்னுரிமையில். நடுவில் ஆர்.பி.ஓ. என்கிற ஓடும் தபால் நிலையம் ஒன்று இருக்கும். நம்மூர் ஆர்.எம்.எஸ். பெட்டி தெரியும் இல்லையா, ஓடுகிற வண்டியிலேயே கடிதம் பிரிக்கிற வேலை, அதே வேலைதான். அமெரிக்காவில் இதற்கு முறையான தொடக்கம் 1864, சிகாகோவிலிருந்து அயோவாவின் கிளின்டன் வரை. கடைசி ஆர்.பி.ஓ. நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் நடுவில் 1977 ஜூன் 30 அன்று ஓடி முடித்தது. பார்சல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டது ரயில்வே எக்ஸ்பிரஸ் ஏஜென்சி, சுருக்கமாக ஆர்.இ.ஏ. 1929இல் ரயில் கம்பெனிகளே சேர்ந்து கையில் எடுத்த நிறுவனம், 1975இல் திவால்.

சின்ன லேஅவுட்டுக்கு இது ஏன் பொருந்தும் என்றால் முதல் காரணம் நீளம். நிஜத்தில் 85 அடி இருக்கும் சொகுசுப் பெட்டி எச்.ஓ.வில் பன்னிரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. 22 அங்குல வளைவில் அதன் நடுப்பகுதி உள்பக்கம் பிதுங்கும், இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அடுத்த தண்டவாளத்தில் நிற்கிற வண்டியை இடித்தாலும் ஆச்சரியமில்லை. தபால் வண்டியில் வருகிற பேக்கேஜ் பெட்டி 60 அடி, அதாவது எட்டே கால் அங்குலம். ரீஃபர் என்கிற ஐஸ் பெட்டியும், பாக்ஸ்கார் என்கிற மூடிய சரக்குப் பெட்டியின் எக்ஸ்பிரஸ் ரகமும் ஏழு அங்குலத்தை ஒட்டி. எட்டு சொகுசுப் பெட்டி அடைக்கிற இடத்தில் பதினோரு தபால் வண்டிப் பெட்டிகள் நிற்கும். எண்ணிக்கை கூடினால் வண்டி நீளமாகத் தெரியும், அது ஒரு கண்கட்டு வித்தை, நமக்குச் சாதகமான வித்தை.

இரண்டாவது காரணம் கலவை. ஒரு ரயில்ரோடின் பேக்கேஜ் பெட்டி இன்னொரு ரயில்ரோடின் வண்டியில் கோத்து நாடு முழுக்கப் போகும். சான்டா ஃபே பெட்டி சிகாகோவில் கைமாறி பென்சில்வேனியா வண்டியின் பின்னால் வருவது அன்றாட நடப்பு. அதனால் தள்ளுபடியில் எது கிடைக்கிறதோ அதை ஒன்றிரண்டாக வாங்கிச் சேர்க்கலாம், செட்டாக வாங்க வேண்டிய கட்டாயமே இல்லை. டஸ்கன் சிவப்பு என்கிற பென்சில்வேனியாவின் செம்பழுப்புக்கு நடுவில் நியூயார்க் சென்ட்ரல் பெட்டி ஒன்றும் ஆர்.இ.ஏ.யின் பச்சை ரீஃபர் ஒன்றும் வந்து நின்றால்தான் வண்டியே நம்பும்படி இருக்கும். ஒரே நிறத்தில் வரிசையாக நின்றால் கடைக் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி ஆகிவிடும்.

சரி, பெட்டிகளுக்கு வருகிறேன். என் ரேக்கில் அதிகம் இருப்பது பி60பி, பென்சில்வேனியாவின் 60 அடி பேக்கேஜ் பெட்டி. வால்தர்ஸ் என்கிற மாடல் கம்பெனி செய்கிறது. வாங்கியதில் குறையே சொல்ல முடியாத பெட்டி இதுதான். கூரை வளைந்து வழவழப்பாக வருகிற அந்த வடிவம் சரியாக விழுந்திருக்கிறது, ஆணித் தலைகள் தெரிகிற அளவுக்கு மட்டும் தெரிகின்றன, சக்கரம் உலோகம். பெட்டியைப் பிரித்து எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தேன், ஓடியது, இன்றுவரை ஓடுகிறது. உள்ளே ஒன்றும் இல்லை, ஆனால் பேக்கேஜ் பெட்டிக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? கதவைத் திறந்து வைத்து உள்ளே நாலு மூட்டையைக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் கைவேலை செய்ய வேண்டும். விலை நூறு டாலரைத் தொட்டுக்கொண்டிருக்கும், தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம், காத்திருந்தால் குறையும். முதல் பெட்டி எது வாங்குவது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

ஆர்.பி.ஓ.தான் வண்டியின் உயிர், அதில்தான் எனக்கு மனஸ்தாபமும். செய்தவர் வேறு ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். வெளிப்புறம் நன்றாக வந்திருக்கிறது. 'யுனைட்டட் ஸ்டேட்ஸ் மெயில் ரயில்வே போஸ்ட் ஆபீஸ்' என்ற எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கலாம். பக்கவாட்டில் கடிதம் போடும் துளைகூட இருக்கிறது. நிஜத்தில் வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போது யார் வேண்டுமானாலும் ஓடிவந்து அதில் கடிதத்தைப் போடலாம், அந்தக் கடிதத்தில் அந்த வண்டியின் முத்திரையே விழும், அதற்கென்றே சேகரிப்பாளர்கள் உண்டு. இவ்வளவு கவனமாகச் செய்துவிட்டு உள்ளே வெறும் கூடு! ஓடும் தபால் நிலையத்தில் பார்க்க வேண்டியதே உட்புறம்தான். சுவர் முழுக்கக் கடிதம் பிரிக்கும் சின்னச் சின்னக் கட்டங்கள், இரும்புச் சட்டங்களில் வாய் திறந்து தொங்குகிற பைகள், இடுப்பில் கைத்துப்பாக்கியோடு நின்றபடியே வேலை செய்கிற எழுத்தர்கள். துப்பாக்கி அலங்காரத்துக்கு அல்ல, பதிவுத் தபாலில் பணம் போகும். எந்த ஊர்க் கடிதம் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பதை அவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், அதற்குத் தேர்வு நடக்கும், 97 சதவீதம் சரியாகச் செய்தால்தான் தேர்ச்சி. வாஷிங்டனில் யூனியன் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே தேசியத் தபால் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே இந்த உட்புறத்தை நேரில் பார்த்தவர்களுக்கு வெறும் கூட்டை மன்னிக்க மனம் வராது. (ஓவ்னி என்கிற தபால் நாயையும் அங்கே பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். 1890களில் தபால் பெட்டிகளில் ஊர் ஊராகச் சுற்றிய நாய், போன இடமெல்லாம் கழுத்தில் ஒரு வில்லையைக் கோத்து அனுப்பியிருக்கிறார்கள். குழந்தைகளோடு போனால் அதன் முன்னால்தான் நிற்பார்கள்.)

வெறும் கூட்டைச் சரிசெய்ய நான் செய்தது இது. ஆர்.பி.ஓ. உட்புறப் படம் ஒன்றை 87இல் ஒரு பங்காகச் சுருக்கித் தடித்த தாளில் அச்செடுத்து, கட்டங்கள் தெரியும்படி சுவரில் ஒட்டினேன். ஜன்னல்கள் சின்னவை, உயரத்தில் இருப்பவை, அதனால் தாள் என்று தெரியவே இல்லை. நிற்கிற பாவனையில் மூன்று பொம்மைகள், திசு காகிதத்தில் உருட்டிப் பசை தடவிச் சாம்பல் வண்ணம் அடித்த மூட்டைகள், முடிந்தது. விளக்குதான் பெரிய தொல்லை. பெட்டியில் விளக்கு இருக்கிறது என்று அட்டையில் போட்டிருந்தது உண்மைதான், ஆனால் மின்சாரம் எடுப்பது ஒரே ஒரு ட்ரக்கிலிருந்து, அதாவது ஒரு முனையின் சக்கரத் தொகுதியிலிருந்து மட்டும். தண்டவாளம் பிரிகிற பாயிண்டின் மேல் போகும்போதெல்லாம் விளக்கு சிமிட்டும். விடிய விடிய வேலை நடக்கிற பெட்டியில் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் எப்படி? இரண்டாவது ட்ரக்கிலும் பித்தளைத் தகடு வைத்துக் கம்பி இழுத்து, நடுவில் ஒரு கெபாசிட்டரும் சேர்த்த பிறகு சரியானது. இந்த விலைக்கு இந்த வேலை கம்பெனி செய்திருக்க வேண்டியது. தபால் பையை எட்டிப் பிடிக்கிற இரும்புக் கை, கதவின் குறுக்கே பொருத்துவது, தனிப் பாகமாகப் பொட்டலத்தில் வந்தது, அதுவும் உடைந்து வந்தது. மாற்று கேட்டு எழுதினேன், தீர்ந்துவிட்டது என்று பதில். கடைசியில் பித்தளைக் கம்பியை வளைத்து நானே செய்துகொண்டேன், அவர்களுடையதைவிட மெல்லிசாக வந்தது என்பது வேறு விஷயம்.

அடுத்தது ஆர்50பி, எக்ஸ்பிரஸ் ரீஃபர். கூரையில் ஐஸ் போடும் மூடிகளோடு, சரக்குப் பெட்டியும் இல்லாமல் பயணிகள் பெட்டியும் இல்லாமல் ஒரு மாதிரியாக இருக்கும், எனக்கு மிகவும் பிடித்த வடிவம். இதை ஒரு ரயில் கண்காட்சியில் பழைய சாமான் மேசையிலிருந்து எடுத்தேன். விற்றவர் பிரித்ததே இல்லை என்று சொன்ன பெட்டிக்குள் இருந்ததோ சாதாரணச் சரக்குப் பெட்டியின் ட்ரக். யாரோ அசலைக் கழற்றிக்கொண்டு அதை மாட்டியிருக்கிறார்கள். திரும்பிப் போய்க் கேட்டதற்கு "ஓடுகிறது இல்லையா" என்றார். ஓடுகிறதுதான். ஆனால் எக்ஸ்பிரஸ் பெட்டியை எக்ஸ்பிரஸ் பெட்டி ஆக்குவதே வேகமாக ஓடத் தகுந்த அந்த ட்ரக்தானே, அது இல்லாவிட்டால் வெறும் சரக்குப் பெட்டி. ட்ரக் தனியாக வாங்கிப் போட்டதில் மலிவாக எடுத்த லாபம் போய்விட்டது. பழையது வாங்கினால் மேசையிலேயே திருப்பிப் பார்த்து, அடிப்பாகத்தையும் அட்டையில் இருக்கிற படத்தையும் ஒப்பிட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இதே விஷயம் எக்ஸ்பிரஸ் பாக்ஸ்காருக்கும் பொருந்தும், அங்கே இன்னும் ஒன்று கூடுதலாக: நீராவிக் குழாய். அந்தக் காலத்தில் வண்டிக்குச் சூடு என்ஜினிலிருந்து குழாய் வழியாகப் பெட்டி பெட்டியாகப் போகும். ஆர்.பி.ஓ.வுக்குள் ஆட்கள் இரவு முழுக்க வேலை செய்கிறார்கள், பென்சில்வேனியாக் குளிரில் அவர்களுக்குச் சூடு வேண்டும். குழாய் இல்லாத சாதாரண பாக்ஸ்கார் ஒன்றை என்ஜினுக்கும் ஆர்.பி.ஓ.வுக்கும் நடுவில் கோத்தால் அங்கேயே நீராவி நின்றுவிடும், எழுத்தர்கள் விறைத்துப் போவார்கள். அதனால் எக்ஸ்பிரஸ் வேலைக்கென்று ஒதுக்கிய பாக்ஸ்கார்களில் குழாயும் பயணிகள் வண்டிக்கான ட்ரக்கும் போட்டிருப்பார்கள். மாடலில் முனையின் அடியில், பெட்டிகளைக் கோக்கிற கப்ளருக்குப் பக்கத்தில் அந்தக் குழாய் தொங்குகிறதா என்று பார்ப்பது ஒரு நொடி வேலை. சில கம்பெனிகள் சாதாரண பாக்ஸ்காருக்குப் பச்சை வண்ணம் அடித்து ஆர்.இ.ஏ. முத்திரை குத்தி விற்றுவிடுகின்றன. அதை வாங்கியே தீர வேண்டும் என்றால் ஆர்.பி.ஓ.வுக்குப் பின்னால் கோத்துக்கொள்ளுங்கள், எழுத்தர்களுக்காவது சூடு நிற்காது.

கடைசிப் பெட்டி ரைடர் கோச். கண்டக்டரும் பின்னால் கொடி காட்டுகிறவரும் உட்கார்ந்து வர ஒரு பழைய பயணிகள் பெட்டி, அவ்வளவுதான். முழு நீளப் பெட்டி மட்டும் வாங்கிவிடாதீர்கள், இவ்வளவு நேரம் பேசியது வீணாகிவிடும். பாதி பயணிகள், பாதி பேக்கேஜ் என்று இருக்கிற பழைய கம்பைன் ஒன்றைக் குறைந்த விலைக்குப் பிடித்துக் கூரையில் கரி படிந்த மாதிரி வண்ணம் தடவினால் போதும்.

பெட்டிகளைவிட முக்கியமானது கப்ளர். சொகுசு ரயில் முன்னோக்கித்தான் போகும், தபால் வண்டி ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பின்னோக்கியும் நகரும். பெட்டியைக் கழற்று, தள்ளு, சைடிங் என்கிற பக்கத் தண்டவாளத்தில் விடு, திரும்பி வந்து கோ. இங்கேதான் ட்ரக்கோடு சேர்ந்து திரும்புகிற கப்ளர் காலை வாரும். இழுக்கும்போது அது நல்லது, குறுகிய வளைவிலும் லேசாகத் திரும்பும். பின்னால் தள்ளும்போது விசை ட்ரக்கைப் பக்கவாட்டில் திருகும், நடுவில் ஒரு லேசான பெட்டி இருந்தால் அது எகிறிவிடும். பெட்டியின் உடலில் பொருத்திய கப்ளர்தான் தள்ளுவதற்கு ஏற்றது. 60 அடிப் பெட்டிக்கு 22 அங்குல வளைவில் அது தாராளமாகப் போதும், 85 அடிக்குப் போதாது. குட்டைப் பெட்டிகளின் லாபம் இங்கே இரண்டாவது முறையாகக் கிடைக்கிறது. நான் எல்லாவற்றையும் கேடீ என்கிற கம்பெனியின் கப்ளராக மாற்றிவிட்டேன். எந்தக் கம்பெனி என்னென்ன பிளாஸ்டிக் கப்ளர் கொடுத்தாலும் ரேக் முழுக்க ஒரே ரகம், ஒரே உயரம் இருந்தால் பாதித் தலைவலி போய்விடும். கேடீ விற்கிற உயர அளவுகோல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சின்னச் சாமான், ஆயுசுக்கும் உழைக்கும். கழற்றுவதற்கு என்னிடம் காந்தமும் இருக்கிறது, ஆனால் கைக்கு வருவது கபாப் மூங்கில் குச்சிதான். கூரான முனையைக் கப்ளருக்கு நடுவில் விட்டு லேசாகத் திருப்பினால் வாய் திறந்துவிடும்.

எடைக்கு என்.எம்.ஆர்.ஏ. என்கிற அமெரிக்க மாடல் ரயில் சங்கம் ஒரு கணக்கு கொடுத்திருக்கிறது: எச்.ஓ. பெட்டிக்கு அடிப்படையாக ஒரு அவுன்ஸ், அதற்கு மேல் நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். எட்டே கால் அங்குல பேக்கேஜ் பெட்டிக்கு ஐந்து அவுன்ஸை ஒட்டி வரும், நம் கணக்கில் 145 கிராம். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தபோது கலவையாக வாங்கிய பெட்டிகளில் சில அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தன. கார் டயருக்கு ஒட்டுகிற எடைத் துண்டுகள் பசையோடு வருகின்றன, அவற்றை வாங்கி உள்தரையில் ட்ரக்குகளுக்கு மேலே இரண்டு பக்கமும் சமமாக ஒட்டினால் போதும். எல்லாப் பெட்டியும் கணக்குப்படி எடை வந்த பிறகு பாயிண்டுகளுக்கு நடுவே ரேக்கைப் பின்னால் தள்ளிக்கொண்டு போவது பயமில்லாத வேலை ஆகிவிட்டது. அதற்கு விலை, என்ஜினுக்குச் சுமை கூடும்.

என்ஜின் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பென்சில்வேனியா என்றால் கே4எஸ் நீராவி என்ஜின், 425 செய்தார்கள், எந்த வண்டிக்கும் பொருந்தும். நீராவி வேண்டாம் என்றால் ஈ7 அல்லது ஈ8 டீசல். ஜிஜி1 மின்சார என்ஜினைப் பார்த்து எனக்கும் கை அரித்தது, ஆனால் அது வந்தால் லேஅவுட் முழுக்க மேலே கம்பி போட வேண்டும், கை விட்டுப் பெட்டி எடுக்கும்போதெல்லாம் அறுந்துபோகும். ஒலியோடு கூடிய டி.சி.சி. டிகோடர், அதாவது என்ஜினுக்குள் வைக்கிற டிஜிட்டல் கட்டுப்பாட்டுச் சில்லு, இருந்தால் தபால் வண்டிக்கு ரொம்பப் பொருத்தம், ஏனென்றால் ஸ்டேஷனில் நிற்கிற நேரம் அதிகம், நிற்கும்போது என்ஜின் மூச்சு விடுகிற சத்தம் கேட்க வேண்டும்.

இப்போது ஓட்டுவதற்கு வருவோம், இதற்காகத்தானே எல்லாம். எங்கள் வீட்டில் ஓட்டுகிற இரவுகளில் கடிகாரம் நான்கு மடங்கு வேகத்தில் ஓடும், பக்கத்துத் தெரு அமெரிக்கப் பெரியவர் ஒருவர் வண்டிகளுக்கு வழிவிட்டு அனுப்புகிற டிஸ்பாட்சர், நான் தபால் வண்டி டிரைவர், இன்னொரு நண்பர் ஸ்டேஷன் யார்டு என்ஜினைப் பார்த்துக்கொள்வார். தபால் வண்டி கால அட்டவணையில் முதல் வகுப்பு. எதிரில் வருகிற சரக்கு வண்டி என் நேரத்துக்குக் குறைந்தது 5 நிமிடம் முன்னால் மெயின் லைனை விட்டு லூப்பில் ஏறி நிற்க வேண்டும். அந்தப் பெரியவர் இதில் தயவு தாட்சண்யமே பார்க்க மாட்டார். லேஅவுட் நேரப்படி நள்ளிரவுக்கு மேல் நான் ஊருக்குள் நுழைகிறேன். என்ஜினுக்கு அடுத்து இரண்டு ரீஃபர், பிறகு பிரிக்காத தபால் மூட்டைகள் ஏற்றிய பேக்கேஜ் பெட்டிகள், அப்புறம் ஆர்.பி.ஓ., அதற்குப் பின்னால் இந்த ஊரில் விட வேண்டிய ஒரு பேக்கேஜ் பெட்டி, கடைசியில் ரைடர் கோச்.

விட வேண்டிய பெட்டி பின்னால் இருப்பதால் என் என்ஜின் நகர வேண்டியதில்லை, ஆர்.பி.ஓ.வுக்குச் சூடும் நிற்காது. யார்டு என்ஜின் பின்னாலிருந்து வந்து ரைடர் கோச்சையும் அந்தப் பெட்டியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போகும், பெட்டியை எக்ஸ்பிரஸ் கிட்டங்கியின் சைடிங்கில் விடும், அங்கே ஏற்கெனவே காத்திருக்கிற ஆர்.இ.ஏ. ரீஃபரை எடுக்கும், ரைடர் கோச்சோடு கொண்டுவந்து என் வண்டியின் வாலில் கோக்கும். கேட்க நாலு வரி. செய்து பாருங்கள், கிட்டங்கி சைடிங்கில் இரண்டு பெட்டிக்குத்தான் இடம், யார்டு என்ஜின் ரைடர் கோச்சை எங்கே தற்காலிகமாக நிறுத்துவது என்று தலையைச் சொறிய வேண்டியிருக்கும், கடிகாரம் நாலு மடங்கில் ஓடிக்கொண்டிருக்கும், லூப்பில் நிற்கிற சரக்கு வண்டிக்காரன் எப்போது கிளம்புவாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அதே விட வேண்டிய பெட்டி முன்னால் கோத்து வந்திருந்தால் கதை மாறும். அப்போது என் என்ஜினே அதைக் கழற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வர வேண்டும், ஆர்.பி.ஓ.வின் நீராவி அறுபடும், வண்டியின் முன்பாதியை மறுபடி கோத்து பிரேக் சோதனை பார்த்த பிறகுதான் கிளம்பலாம் என்பது எங்கள் வீட்டு விதி. ரேக் ஒன்றுதான், பெட்டிகளின் வரிசையை மாற்றினால் ஒவ்வொரு இரவும் வேறு கணக்கு. சொகுசு ரயிலில் இது எங்கே கிடைக்கும்? அது பிளாட்பாரத்தில் நிற்கும், ஆட்கள் ஏறியதாக நாமே நினைத்துக்கொள்வோம், கிளம்பும்.

தபால் கிரேன் என்று ஒன்று தண்டவாள ஓரம் வைக்கலாம். வண்டி நிற்காத சின்ன ஊர்களில் தபால் பையை அதில் தொங்கவிட்டிருப்பார்கள். ஓடுகிற வண்டியிலிருந்து எழுத்தர் இரும்புக் கையை நீட்டிப் பையைப் பறிப்பார், அதே நேரத்தில் அந்த ஊருக்கான பையை வெளியே உதைத்துத் தள்ளுவார். பலமாக உதைக்க வேண்டும், அரைகுறையாக உதைத்தால் காற்று பையைச் சக்கரத்துக்கு அடியில் இழுத்துவிடும். எச்.ஓ.வில் இதை நிஜமாக இயங்க வைக்க நான் முயலவில்லை, அந்த அளவில் அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடும். பெரிய ஓ ஸ்கேலில் லயனல் என்கிற பொம்மை ரயில் கம்பெனி அந்தக் காலத்திலேயே பொத்தானை அழுத்தினால் பொம்மை ஆள் பையை வெளியே எறிகிற பெட்டி விற்றது, அதன் குஷியே வேறு. என்னுடையது அசையாத பிளாஸ்டிக் கிட், விலை மலிவு, ஒரு சாயங்காலத்தில் ஒட்டி முடிக்கலாம். ஒரே எச்சரிக்கை, தண்டவாளத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்கிறீர்கள் என்பதை உங்களிடம் இருக்கிற மிக நீளமான பெட்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பசை தடவுங்கள், வளைவுக்கு முன்னாலேயே நேர்ப் பாதையில் வைப்பது உத்தமம்.

யாருக்கு இது வேண்டாம்? ஓட்டாமல் கண்ணாடி அலமாரியில் வைக்கிறவர்களுக்கு வேண்டாம், ஜன்னல் இல்லாத பெட்டிகளின் வரிசை அலமாரியில் எடுபடாது. 1967க்குப் பிந்தைய காலத்தை மாடல் செய்கிறவர்களுக்கும் கஷ்டம். அந்த வருஷம் தபால் துறை ரயில் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை ரத்து செய்தது. பயணிகள் வண்டி பலவற்றுக்கும் வருமானம் தபாலிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது, தபால் போனதும் வண்டிகளும் வரிசையாக நின்றன. அதற்குப் பின் பயணிகள் வண்டிகளை நாடு முழுக்க ஓட்ட வந்த ஆம்ட்ராக் நிறுவனத்தின் காலம்தான் வேண்டும் என்றால் அங்கேயும் தபாலும் பார்சலும் உண்டு, 1980களிலிருந்து பயணிகள் வண்டியின் வாலில் குட்டையான சரக்குப் பெட்டிகளைக் கோத்து ஓட்டினார்கள், 2004இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தக் குட்டைப் பெட்டிகளுக்கு முன்னால் 85 அடிப் பயணிகள் பெட்டிகள் வந்தே ஆக வேண்டும், 22 அங்குல வளைவுக்காரருக்குப் பழைய பிரச்சினை திரும்ப வந்துவிடும். இடம் இன்னும் குறைவு என்றால் இதைவிடச் சிறிய 'என்' (N) ஸ்கேலுக்குப் போய்விடலாம், 60 அடி பேக்கேஜ் பெட்டி அங்கே நாலரை அங்குலம்தான், கதவுப் பலகை ஒன்றின் மேலேயே முழு ரேக்கும் ஓடும். ஆர்.பி.ஓ.வுக்குள் கட்டங்கள் ஒட்டுகிற வேலைக்கு மட்டும் நல்ல கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும்.